கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு முத்திரை

கொரீன் பெட்டியைத் திறந்ததும் வென்டல் துப்பாக்கியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். அது என்ன துப்பாக்கி, யாருடையது, எந்தச் சண்டையில் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்தார். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குழலின் அடிப்பக்கத்தை, கோழியை விலைபேசுகிறவர் றெக்கையைத் தூக்கிப் பார்ப்பதுபோல, நிதானமாகப் பார்த்தார்.

இடம், மிச்சிகன் மாநிலத்து மன்ரோ ஊரின் கண்காட்சி மைதானத்து நீளக் கொட்டகை. அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி, அதை நடத்துகிறவர் வென்டல். எல்லா மேசைகளிலும் பச்சை விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். கொரீனின் கணவன் எல்டன் பக்கத்தில் நின்று காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வென்டல் அடுத்து என்ன செய்வார் என்று பந்தயம் கட்டியவன்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறக்குமதி முத்திரையை வழக்கமாக ஒளித்துக் குத்துகிற அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வென்டலின் முகம் மலர்ந்துவிட்டது. எழுபத்தைந்து வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல ஆகிவிட்டார்.

"சுத்தமா இருக்கே கொரீன். மெருகு அப்படியே இருக்கு. நம்பரெல்லாம் ஒத்துப்போகுது. இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

இந்த ஒரு முகத்துக்காகத்தான் கொரீன் இரண்டு வருடமாக அலைந்தாள். அவளுடைய அப்பா அர்மான் சொன்னது உண்மை என்று, விஷயம் தெரிந்த ஒருவர், ஊர் நடுவில் ஒரு மேசைமேல் வைத்துச் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. விற்கிற எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது.

பிறகு வென்டல் துப்பாக்கியை வலப்பக்கம் திருப்பினார்.

திருப்பிய கை அப்படியே நின்றது. பூதக்கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை. வெள்ளை வெளேரென்று புது எழுத்து: இறக்குமதி செய்த கடையின் பெயர், ஊர், மிச்சிகன், துப்பாக்கியின் வகை, செய்த நாடு ஜெர்மனி. மூக்குக் கண்ணாடி போடாத எல்டனே இரண்டடி தள்ளி நின்று படித்துவிடலாம்.

"ஐயோ," என்றார் வென்டல். மெதுவாகத்தான் சொன்னார். சாவு வீட்டில் சொல்வதுபோல.

*

அந்த எழுத்து அங்கே வந்த கதை இது.

அர்மான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவின் விண்ட்ஸரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, நூறைத் தொட ஒரு வருடம் இருக்கும்போது இறந்தார். இருபது வயதில் கனடாப் படையோடு ஹாலந்துக்குப் போனவர். திரும்பி வரும்போது மூட்டைக்குள் இந்த ஜெர்மன் பி-38 கைத்துப்பாக்கி இருந்தது. வந்த வாரமே போலீஸ் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பதிவு செய்துவிட்டார். ஊரில் வேறு எவனும் அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் அலமாரி மேல்தட்டில் காலுறைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். அர்மானின் தம்பி கேலி செய்தால், "ஒளிச்சு வச்சா அது திருட்டுச் சாமான் மாதிரி ஆயிடும்டா" என்பாராம்.

அவர் போன பிறகு சிக்கல் வந்தது. கைத்துப்பாக்கியைக் கைமாற்றுவதையே கனடாச் சட்டம் நிறுத்திவிட்டிருந்தது. மகளுக்குக்கூடக் கொடுக்க முடியாது. ஒன்று, போலீஸிடம் கொடுத்து உருக்கச் சொல்ல வேண்டும். இல்லை, நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும். கொரீன் கல்யாணமாகி வந்ததிலிருந்து மிச்சிகன்காரி. அதனால் இங்கே கொண்டுவரலாம். ஆனால் உரிமம் உள்ள இறக்குமதிக் கடைக்காரர் வழியாக, அனுமதி வாங்கி, முத்திரை குத்தித்தான்.

எல்டனின் அண்ணன் க்ளெம் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தே விட்டான். பாலத்தில் ஏறினால் கால் மணி நேரம். வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே பிஸ்கட் பெட்டியைப் போட்டுக் கொண்டுவந்துவிட வேண்டியதுதானே, எழுபது வயதுக் கிழவியை எந்த அதிகாரி இறங்கச் சொல்வான் என்றான். அப்பா முறையாகப் பதிந்த பொருளை நான் பிஸ்கட்டுக்குக் கீழே கொண்டுவர மாட்டேன் என்று கொரீன் சொல்லிவிட்டாள். அனுமதி வர மாதக்கணக்காயிற்று. கடைக்காரர் பிக்ஃபோர்டுக்கு அவள் போன் செய்து செய்து, கடைசியில் அவள் குரலைக் கேட்டதுமே அவர் "இன்னும் வரலை அம்மா" என்று வைத்துவிடுகிற அளவுக்குப் போயிற்று.

வந்தது. முத்திரை குத்துவதற்கு முன்னால் பிக்ஃபோர்டு ஒரு உபகாரம் செய்ய நினைத்தார். குழலுக்கு அடியில், பொடி எழுத்தாகப் போட்டுவிடுகிறேன், சட்டத்துக்கும் சரி, கண்ணுக்கும் தெரியாது என்றார்.

"தெரியாம போடறதுக்கு நாம என்ன திருடிக்கிட்டா வந்தோம்?" என்று கேட்டாள் கொரீன்.

பிக்ஃபோர்டு, இல்லை அம்மா, சேகரிக்கிறவர்கள் அதை விரும்பமாட்டார்கள் என்று ஆரம்பித்தார். சேகரிக்கிறவர்கள் யாரும் இதற்காக வரிசையில் நிற்கவில்லை, நான்தான் நின்றேன் என்று அவள் வெட்டிவிட்டாள். பாஸ்போர்ட்டில் முத்திரையைக் கடைசிப் பக்கத்து மூலையிலா போடுகிறார்கள்? நல்ல வழியில் வந்தது என்பதற்கு அத்தாட்சி அது. பார்த்தவுடன் தெரிகிற இடத்தில், படிக்கிற மாதிரி போடுங்கள் என்றாள்.

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பிக்ஃபோர்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து அதை மேசைமேல் வைத்து அவள் பெருமைப்பட்டாள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உண்மையாகவே பெருமைப்பட்டாள்.

*

வென்டல் துப்பாக்கியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். அவர் கெட்டவரில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் கொரீனுக்கு அந்தப் பொறுமையே எரிச்சலாக இருந்தது.

கொட்டகையில் நடுநாயகமான மேசைக்குப் பெயர் 'வீரர் கொண்டுவந்தவை'. போர் முடிந்து அவரவர் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்ததை மட்டும்தான் அங்கே வைப்பார்கள், வீரரின் பெயர் எழுதிய அட்டையோடு. இறக்குமதி முத்திரை என்பது அறுபத்தெட்டாம் வருடத் துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு வந்த வழக்கம். நாற்பத்தைந்தில் மூட்டையில் வந்த துப்பாக்கிக்கு அது இருக்க வழியே இல்லை. ஆகவே முத்திரை இருந்தால், வீரர் கொண்டுவந்தது இல்லை. பின்னால் எவனோ கப்பலில், பெட்டி பெட்டியாக, கிழக்கு ஐரோப்பாக் கிடங்கிலிருந்து இறக்கியது. இது அவர்களுடைய கணக்கு. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

"என் அப்பா கொண்டுவந்தாரு. கனடாவுக்கு. அங்கேருந்து நான் கொண்டுவந்தேன். இதுல எந்த இடத்துல உங்களுக்குக் கிழக்கு ஐரோப்பா வருது?"

"எனக்கு வரலை கொரீன். பார்க்கிறவனுக்கு வரும். முத்திரையில கனடான்னு எழுதியிருக்கா? இல்லையே. ஜெர்மனி, மிச்சிகன். நடுவுல எழுபது எண்பது வருஷம் எங்க இருந்ததுன்னு அது சொல்லுதா?"

அவள் கைப்பையிலிருந்து அப்பாவின் போலீஸ் பதிவுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். நாற்பத்தாறாம் வருடத் தேதி, அதே எண். வென்டல் அதை மரியாதையாகப் படித்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் காலத்தில் பழைய காகிதம் செய்வது பான்கேக் சுடுகிற மாதிரி என்றார். உங்களுடையதைச் சொல்லவில்லை என்றும் உடனே சேர்த்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இரும்பு பொய் சொல்லாது.

"இரும்பு பேசவே பேசாது வென்டல். அதுக்குப் பதிலா நீங்கதான் பேசறீங்க."

எல்டன் காப்பிக் கோப்பைக்குள் இருமினான்.

வென்டல் விரிப்பின் சுருக்கத்தைத் தடவிச் சரிசெய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த விதியைப் போட்டதே தான்தான் என்றார். சில வருடங்களுக்கு முன் ஒருவன் வந்தான். மாமா கொண்டுவந்தது என்று கண்ணில் தண்ணீரோடு கதை சொன்னான். இவர்கள் நடுமேசையில் வைத்தார்கள். மறுநாள் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு ஆள் பிடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முத்திரை. அந்தச் சிரிப்பு இன்னும் இரண்டு மாநிலங்களில் ஓயவில்லை. இப்போது உங்களுக்காக ஒரு கதவைத் திறந்தால், நாளைக்கு முப்பது பேர் காகிதத்தோடு வாசலில் நிற்பார்கள் என்றார்.

"அப்போ என் அப்பா பொய் சொன்னாருன்னு சொல்றீங்க."

"இல்லவே இல்ல. இது ரஷ்யாக்காரன் பிடிச்சு வச்சிருந்து, கழுவி, மறுபூச்சு பூசி அனுப்பின சாமான் இல்லன்னு பார்த்தவுடனே தெரியுது. ஒரே கையில இருந்த துப்பாக்கி இது. நான் நம்பறேன்."

"நம்பறீங்க."

"சத்தியமா நம்பறேன். ஆனா அட்டை வைக்க முடியாது."

இதைவிட அவர் நம்பவில்லை என்று சொல்லியிருந்தால் கொரீன் சண்டை போட்டிருப்பாள். நம்புகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவரிடம் என்ன சண்டை போடுவது? தலையணையைக் குத்துவதுபோலத்தான்.

அவர் ஒரு சமாதானமும் சொன்னார். ஓரத்தில், கழிவறைக்குப் போகிற வழியில், இறக்குமதித் துப்பாக்கிகளுக்கு என்று ஒரு மேசை உண்டு. அங்கே வைக்கலாம். ஆனால் அங்கே வீரர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. வகை, வருடம், அவ்வளவுதான்.

கொரீன் நடுமேசையை ஒருமுறை சுற்றிவந்தாள். அட்டைகளைப் படித்தாள். ஒன்று கர்னலிடம் பறித்தது. ஒன்று ஜெனரலே இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தது. இன்னொன்று, எதிரி அதிகாரியைத் தனியாளாக மடக்கி வாங்கியது. ஜெர்மன் படையில் சிப்பாய்களே இல்லாமல் எல்லோரும் ஜெனரல்களாகவே இருந்திருப்பார்கள் போலிருக்கிறது என்று அவள் எல்டனிடம் சொன்னாள்.

அவளுடைய கைப்பையிலும் ஒரு அட்டை இருந்தது. நூலகத்தில் வேலை பார்க்கும் தோழியிடம் சொல்லி அழகாக அச்சடித்தது. 'சிப்பாய் அர்மான் பெனட்டோ. ஹாலந்து, 1945. சரணடைந்த ஒரு ஜெர்மன் சமையல்காரர் கொடுத்தது. பதிலுக்கு ஒரு டப்பா பீச் பழம் கொடுக்கப்பட்டது.' பொய் சொல்லுகிறவன் சமையல்காரனையும் பீச் பழத்தையுமா சொல்லுவான்? கதையைக் கேட்கக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஜெனரல்களின் துப்பாக்கிகளில் முத்திரை இல்லை, ஆகவே அந்தக் கதைகள் எல்லாம் உண்மை. அப்பாவின் துப்பாக்கியில் முத்திரை இருக்கிறது, ஆகவே பீச் பழம் பொய்.

*

பக்கத்து மேசையில் ரோலி என்று ஒருவன் தோல் உறைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வென்டல் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நாற்காலியோடு நகர்ந்து வந்தான்.

"மனசு கஷ்டப்படாதீங்கம்மா. இதுக்கு வைத்தியம் இருக்கு."

டொலீடோ பக்கத்தில் தனக்குத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறான் என்றான். எழுத்துக் குழிகளை உலோகத்தால் நிரப்பி, தேய்த்து, பழைய மாதிரியே கருநீலம் ஏற்றிவிடுவான். அவனுடைய வேலையைக் கண்டுபிடிக்க வென்டலுக்கு இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அடுத்த வருடம் இந்தச் சங்கம் வேண்டாம், வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போங்கள். நடுமேசையில் உட்காரவைப்பார்கள்.

கொரீன் உடனே மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது. துப்பாக்கியைக் கையில் எடுத்து அந்த எழுத்துக்களைத் தடவிப் பார்த்தாள். தேய்த்தால் இது மட்டும்தான் போகுமா என்று கேட்டாள்.

பக்கத்தில் இருக்கிற இந்தக் குட்டிக் கழுகு கொஞ்சம் மழுங்கும் என்றான் ரோலி. அது ஜெர்மன்காரன் பரிசோதித்துக் குத்தியது. அதை மறுபடி கூராக்கவும் அவனுக்குத் தெரியுமாம்.

சட்டப்படி இது சரியா என்று எல்டன் கேட்டான். ரோலி தோல் உறையைத் திருப்பி மறுபக்கத்துக்கு எண்ணெய் பூச ஆரம்பித்தான்.

"அதாவது, என் அப்பா சொன்ன நிஜத்தை நம்பவைக்க நான் ஒரு பொய்யைச் செஞ்சு கொண்டுவரணும். அப்போ நம்புவாங்க," என்றாள் கொரீன்.

"நீங்க அதை ரொம்பக் கடுமையா சொல்றீங்க," என்றான் ரோலி. அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவள் பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டாள். போகிற வழியில் வென்டலிடம், கழிவறை மேசை வேண்டாம், என் அப்பா பெயரில்லாமல் எங்கேயும் உட்கார்ந்து பழக்கமில்லை என்று சொன்னாள். வென்டல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை.

*

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்கால வெள்ளிக்கிழமை என்றால் அந்தப் பக்கத்தில் சதுப்பு நில எலிச் சாப்பாடு. மஸ்க்ராட் என்கிற அந்த எலி தண்ணீரில் வாழ்வதால் அது மீனுக்குச் சமானம், இறைச்சி கூடாத நாளிலும் தின்னலாம் என்று பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாதித்துவருகின்றன. வேகவைத்து, வெங்காயத்தோடு வறுத்து, இனிப்புச் சோளக் குழம்போடு ஊர் மன்றத்து நீள மேசைகளில் பரிமாறுவார்கள். ஊரே அங்கே இருக்கும். ஊரே இருப்பதால் வென்டலும் இருந்தார். இடம் இல்லாததால் தட்டோடு வந்து நேர் எதிரே உட்கார்ந்தார்.

எலும்பு அதிகமுள்ள சாப்பாடு அது, அதனால் பேசாமல் இருப்பது அநாகரிகமாகத் தெரியவில்லை. எல்டன் மட்டும், இந்த வருடம் வெங்காயம் குறைவு என்று பொதுவாக அறிவித்தான்.

வென்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கொரீன், ஒண்ணு கேக்கணும். நீங்க போனப்ப உங்க கைப்பையிலிருந்து அட்டை கீழே விழுந்து கிடந்துச்சு. படிச்சேன். அந்தச் சமையல்காரன்... அப்புறம் என்ன ஆனான்?"

அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. மத்தியானத்திலிருந்து அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஜெனரல்கள் நிறைந்த கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்தவருக்கு அந்தச் சமையல்காரனை விட்டு வர முடியவில்லை.

கொரீனுக்குத் தெரியும். வீட்டில் யார் பீச் டப்பாவைத் திறந்தாலும் அப்பா சொல்வார். ஜெர்மன் அதிகாரி தன் துப்பாக்கியைச் சமையல்காரனிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் ஓடிப்போய்விட்டான். துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் சமையல்காரன் அதை அகப்பையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றான். சும்மா வாங்க அப்பாவுக்கு மனம் வரவில்லை, டப்பாவைக் கொடுத்தார். அவன் கத்தியால் திறந்து, முதல் துண்டைக் கத்தி முனையில் குத்தி அப்பாவிடம் நீட்டினான். இரண்டு பேருமாக நின்றுகொண்டே தின்று முடித்தார்கள். பிறகு அவன் காலி டப்பாவை வாய்க்காலில் கழுவி, துடைத்து, அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைதிகளின் வரிசையில் போய் நின்றான். சமையல்காரன் இல்லையா, பாத்திரத்தைக் கழுவாமல் விட அவனுக்கு முடியவில்லை என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடையும்.

நாக்கு நுனிவரை வந்தது. இந்த ஒரு கேள்வியை மத்தியானம் அந்த டார்ச்சை எடுப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால்!

"துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதேன்னு நீங்கதானே வென்டல் சொன்னீங்க?"

"அது வந்து... அது விக்கிறவங்களுக்காகச் சொல்றது."

"நான் விக்க வரலை. அதுக்காகக் கதையைச் சும்மா கொடுக்கணும்னும் இல்ல."

எல்டனுக்கு அந்தக் கதை மனப்பாடம். அவன் வாயைத் திறப்பதைப் பார்த்து மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள். அவன் திறந்த வாயில் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டான்.

வென்டல் தலையை ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, மூலை மடங்கியிருந்ததை விரலால் நீவி, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு முறை அவர் கண் அதன்மேல் போனதை அவள் பார்த்தாள். மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. அப்பா இருந்திருந்தால் கேட்டவனுக்குச் சொல்லியிருப்பார், டப்பாவையும் திறந்திருப்பார். அது தெரிந்தும் அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பனி உருகிச் சாலையெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் பெட்டி அவள் குதிகாலில் வந்து இடித்தது.

கொஞ்ச தூரம் போனதும் எல்டன் சொன்னான்:

"க்ளெம் சொன்ன அதே இடம்தான். பிஸ்கட் மட்டும் இல்ல."

"பேசாம ஓட்டு," என்றாள் கொரீன்.